அவரவர் வேளை

காலை டியூட்டிக்கு வந்து ஓவர் எடுக்கும்போது இரவு சிஸ்டரிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ராத்திரி யார் சரியாத் தூங்கலை?” பிபி, சுகர் எல்லாம் அதற்குப் பிறகு. கோவைக்குப் பக்கத்தில், முதியோருக்கான நீண்ட காலப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அதற்கு முன்பு ஒரு பெரிய மருத்துவமனையில், சர்ஜிகல் வார்டில் இருந்தேன். அங்கே முதல் கேள்வி வேறு. இன்று யார் தியேட்டருக்குப் போகிறார், யாருக்கு டிஸ்சார்ஜ். இங்கே டிஸ்சார்ஜ் கிடையாது. இன்று பார்க்கும் முகத்தைத்தான் அடுத்த வருடமும் பார்க்கப்போகிறோம்.

இரவு தூங்காதவரை ஆறரைக்கு எழுப்பி உட்கார வைத்தால் இட்லியை வாயில் வைத்துக்கொண்டே தூங்குவார். புரையேறும். பாத்ரூமுக்கு நடக்கையில் கால் தடுமாறும். அவர் விழுந்துவிட்டால் அன்றைய ஷிப்ட் முழுவதும் ஆம்புலன்ஸ், எக்ஸ்ரே, பிள்ளைகளுக்கு போன் என்று கரைந்துபோகும். அவரை எட்டரை வரை தூங்க விடுவது அவர் உடம்புக்கு நல்லது, என் நேரத்துக்கும் நல்லது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைக்கிறவர்கள் இந்த வேலையில் சீக்கிரம் களைத்துப்போவதைப் பார்க்கிறேன்.

என் வேலைகளை நான் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன். கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவை கொஞ்சம். ஆளுக்குக் கட்டுப்பட்டவை நிறைய. வார்டில் பழகிய கை எல்லாவற்றையும் கடிகாரத்தில் கட்டிவிடும்: குளியல் ஏழுக்குள், டிபன் எட்டுக்குள், பெட் மேக்கிங் ஒன்பதுக்குள். எல்லாமே அவசரம் என்று ஆகிவிட்டால் உண்மையிலேயே அவசரமான நாலு வேலை அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோகும்.

அந்த நாலில் முதலாவது பார்க்கின்சன் மாத்திரை. லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்தது. ரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். நோய் முற்றிய ஒருவருக்கு மூளையில் சேமிப்பு என்று எதுவும் மிச்சமில்லை, அடுத்த மாத்திரை வரும்வரைதான் உடம்பு ஓடும். எங்களிடம் இருக்கும் ஒரு ரிட்டயர்டு மில் சூப்பர்வைசருக்கு ஆறு, பத்து, இரண்டு, ஆறு என்று நாலு வேளை. பத்து மணி மாத்திரை பத்தேகாலுக்குப் போனாலே விரல் நடுங்கத் தொடங்கும். பத்தே முக்காலுக்குப் போனால் நாற்காலியிலேயே உறைந்துவிடுவார். கட்டிலுக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும். தண்ணீரை விழுங்க முடியாது, ஆகவே அந்தத் தாமதமான மாத்திரையைக்கூட விழுங்க முடியாது. முக்கால் மணி தாமதத்துக்கு ஒன்றரை மணி நேரம் கொடுக்க வேண்டியிருக்கும். அவர் படும் துன்பத்துக்குக் கணக்கே இல்லை. பிரிட்டனில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கான அமைப்பு, மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள் என்பதை மட்டுமே வைத்து 2006இல் ஓர் இயக்கம் தொடங்கியது. ஒரு மாத்திரையின் நேரத்துக்காக இயக்கமா என்று கேட்பவர், ஒரு முறை அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

அதோடு ஒரு சமையலறைக் கணக்கும் சேர்ந்திருக்கிறது. சாப்பாட்டிலுள்ள புரதத்தோடு போட்டி போட்டுத்தான் இந்த மருந்து குடலைத் தாண்டி, மூளைக்கும் போய்ச் சேர வேண்டும். பால், முட்டை, கெட்டிப் பருப்பு இவற்றுக்கு அரை மணி முன்னால் மாத்திரை உள்ளே போய்விட வேண்டும். இதைச் சமையல் அக்காவுக்கு ஒரு நாள் உட்கார்ந்து விளக்கினேன். அன்றிலிருந்து அவர் அய்யாவின் சுண்டலை மட்டும் தனியாக எடுத்துவைத்து, “சிஸ்டர், மாத்திரை போட்டாச்சுங்களா?” என்று கேட்ட பிறகுதான் அனுப்புகிறார். நான் கண்காணித்துக்கொண்டிருக்க வேண்டிய ஒரு வேலை, இன்னொருவருக்குக் காரணம் புரிந்ததால் தானாகவே நடக்கிறது.

அடுத்தது இன்சுலின். ரெகுலர் இன்சுலின் கலந்ததென்றால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு என்று எல்லோருக்கும் தெரியும். வயதானவர்களிடம் அந்த அரை மணிதான் ஆபத்து. ஊசி போட்டாயிற்று, தட்டு வந்தது, “எனக்கு வேண்டாங் கண்ணு” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பிறகு சுகர் இறங்கிவிடுமே என்ற பயத்தில், சர்க்கரைத் தண்ணீரும் குளுக்கோமீட்டருமாக அடுத்த இரண்டு மணி நேரம் அவர் பக்கத்திலேயே போய்விடும். சாப்பிடுவாரா என்று நிச்சயமில்லாதவர்களின் பெயரை எழுதி டாக்டரிடம் கொடுத்தேன். சிலருக்கு அவர் வேகமாக வேலை செய்யும் இன்சுலினுக்கு மாற்றினார். எவ்வளவு சாப்பிட்டார் என்று பார்த்துவிட்டு, தட்டை எடுத்த கையோடு ஊசி. மற்றவர்களுக்கு, சாப்பாட்டு டிராலி சமையலறையை விட்டுக் கிளம்பத் தயார் என்று தெரிந்த பிறகுதான் நான் சிரிஞ்சை எடுப்பேன்.

தைராய்டு மாத்திரை விஷயத்தில் நம் ஊர்க் காபி குறுக்கே நிற்கும். வெறும் வயிற்றில் போட்டு அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், தண்ணீர் தவிர எதுவும் குடிக்கக் கூடாது. காபி அந்த மருந்தை உடம்பு ஏற்றுக்கொள்வதைக் குறைக்கும். அறுபது வருடமாகக் கண் விழித்ததும் டிகாக்‌ஷன் வாசனையில் நாளைத் தொடங்கிய ஓர் அம்மாவிடம் “ஒரு மணி நேரம் பொறுங்க” என்று சொல்லிப் பாருங்கள். தினமும் காலையில் ஒரு வாக்குவாதம், அதற்குள் பத்து நிமிடம். நெதர்லாந்தில் செய்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. அதே மாத்திரையை இரவு படுக்கும்போது போட்டுக்கொண்டவர்களுக்கு ஹார்மோன் அளவு இன்னும் நன்றாகவே இருந்தது என்றது. டாக்டரிடம் கேட்டு, இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடிப்பவர்களுக்கு மட்டும் மாத்திரையைப் பத்து மணிக்கு மாற்றினோம். கால்சியம் மாத்திரை அதற்கு நாலு மணி நேரம் தள்ளியிருக்க வேண்டும், அதைப் பகலுக்குக் கொண்டுபோனோம். அம்மாவுக்குக் காலைக் காபி கிடைத்தது, எனக்கு அந்தப் பத்து நிமிடம்.

நீர் பிரியும் மாத்திரைக்கும் இதே யோசனைதான் வேண்டும். ஃபுரோசமைட் காலையில் என்று மட்டும் சார்ட்டில் இருக்கும். அது ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். அந்த நேரத்தில் அவரை பிசியோதெரபிக்கு அனுப்பினால் பாதியில் ஓடி வர வேண்டும், ஓட முடியாதவர் ஈரத் துணியோடு கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பார். எட்டு மணிக்கு மாத்திரை என்றால் ஒன்பதரைக்கு ஓர் அட்டெண்டர் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும், பிசியோ பதினொன்றரைக்கு. சார்ட்டில் மருந்தின் நேரம் இருக்கிறது. அது வேலை செய்யும் நேரத்தை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

மற்ற மாத்திரைகள்? பெரும்பாலானவை இவ்வளவு கறார் இல்லை. அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஃபார் சேஃப் மெடிகேஷன் பிராக்டிசஸ், மருத்துவமனைகளுக்காக 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதைத் தெளிவாகப் பிரித்திருக்கிறது. நேரம் தவறக் கூடாத மருந்துகளுக்கு முன்பின் 30 நிமிடம். தினம் ஒரு வேளை மருந்துகளுக்கு முன்பின் 2 மணி நேரம் வரை. எல்லா மருந்துக்கும் ஒரே 30 நிமிடம் என்று வைத்தால் நர்ஸ்கள் ஓட ஆரம்பிப்பார்கள், ஓட்டத்தில்தான் தவறு வரும் என்பது அவர்கள் கண்டது. நான் சார்ட்டில் கறாரான மருந்துகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைக்கிறேன். வட்டமில்லாததற்காக யாரையும் தூக்கத்திலிருந்து எழுப்புவதில்லை.

அதைவிடப் பெரிய மிச்சம் ஒன்று உண்டு: தேவையற்ற மாத்திரையை நிறுத்துவது. முதியவர்களுக்குக் கெடுதல் செய்யக்கூடிய மருந்துகளின் பட்டியலை மார்க் பீர்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1991இல் முதலில் தயாரித்ததே எங்களுடையதைப் போன்ற பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களை மனத்தில் வைத்துத்தான். புதிதாக ஒருவர் வரும்போது மூன்று ஸ்பெஷலிஸ்டுகள் எழுதிய பதினைந்து மாத்திரைகளோடு வருகிறார். எது எதற்கு என்று அவருக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. நிறுத்துவது டாக்டரின் முடிவு. கேட்பது என் வேலை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘எதற்காக, எப்போதிலிருந்து’ என்று எழுதி டாக்டர் முன் வைப்பேன். அந்த ஒரு மணி நேர உழைப்பு, அவர் இங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும் திரும்பக் கிடைக்கிறது.

மாத்திரை டிராலியோடு போகும்போது யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் நர்ஸ்களைக் கூடவே இருந்து கவனித்த ஆய்வொன்று 2010இல் வந்தது. மருந்து கொடுக்கும்போது வரும் ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் தவறு சுமார் 12 சதவீதம் கூடுகிறது என்று கணக்கிட்டார்கள். எங்களுக்கு வரும் குறுக்கீடு பெரும்பாலும் போன். மகன் நியூஜெர்சியில் சாப்பிட்டு முடித்து அம்மாவை நினைக்கும் நேரம், இங்கே காலை மாத்திரை நேரம். அவர் கவலை நியாயமானது, எட்டாயிரம் மைல் தள்ளி இருப்பவருக்கு நம் குரல்தான் கண். அவசரத்தில் “நல்லாருக்காங்க சார்” என்று வைத்துவிட்டால் அவர் நிம்மதியடைய மாட்டார், மறுபடி கூப்பிடுவார். அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கிழமை, ஒரு நேரம் சொல்லியிருக்கிறோம். அன்று சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்கும்வரை பேசுகிறேன். போன் மணி அடிப்பது குறைந்தது. அதைவிட, அவர்கள் குரலிலிருந்த பதற்றம் குறைந்தது.

இனி, ஆளுக்குக் கட்டுப்பட்டவை. இங்கேதான் என் மனம் அதிகம் நிற்கிறது.

லண்டன் மருத்துவமனை ஒன்றின் நர்ஸ்களை ஆராய்ந்து இசபெல் மென்சீஸ் 1960இல் எழுதிய கட்டுரை எங்கள் தொழிலில் புகழ்பெற்றது. டாக்டர்கள் வருவதற்குள் முகம் கழுவி முடிக்க வேண்டும் என்பதற்காக நோயாளிகளை விடிவதற்கு வெகு முன்பே எழுப்புவதை அவர் அதில் பதிவுசெய்தார். ஏன் அப்படி? ஒவ்வொரு துன்பத்தோடும் நேருக்கு நேர் இருப்பது தாங்க முடியாதது, வேலைப் பட்டியலுக்குள் ஒளிந்துகொள்வது எளிது என்றார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது என்னைத் தொடுகிறது. நாம் வேகமாக இருப்பதில் ஒரு பகுதி, திறமை போலத் தெரியும் பயம்.

குளியலை எடுத்துக்கொள்ளுங்கள். மறதி நோய் உள்ள ஒரு டீச்சரம்மாவை ஏழு மணிக்குக் குளிப்பாட்டப் போனால் கத்துவார், கையைப் பிடித்துக் கிள்ளுவார். இரண்டு அட்டெண்டர்கள், முக்கால் மணி நேரம், எல்லோர் கண்ணிலும் நீர். பதினொரு மணிக்குப் போய் “டீச்சர், எண்ணெய் காய்ச்சி வெச்சிருக்கேன், வெள்ளிக்கிழமைங்க” என்றால் அவரே எழுந்து நிற்பார். ஒருவர் போதும், இருபது நிமிடம். அந்த உடம்புக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் நினைவிருக்கிறது, இன்று வெள்ளிக்கிழமை என்பது நினைவில்லை. ஆண்களுக்கு சனி, புதன். மறுத்தால் வாதாடுவதில்லை. அரை மணி கழித்து வேறொருவர் போய், புதிதாகக் கேட்பார். முதல் மறுப்பு அவருக்கு அதற்குள் மறந்திருக்கும், நமக்கும் மறந்திருக்க வேண்டும்.

ஊட்டுவதில் மட்டும் நான் யாரையும் அவசரப்படுத்தவே விடுவதில்லை. ஒரு ஸ்பூன், வாய் மூடி, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்து, அடுத்த ஸ்பூன். முடித்த பிறகு அரை மணி நேரம் நிமிர்ந்தே உட்கார்ந்திருக்க வேண்டும். வேகமாக ஊட்டி மிச்சப்படுத்திய கால் மணி, நுரையீரலில் சளிக்காய்ச்சலாக வந்து ஒருவர் உயிரைக் கேட்கும். உட்கார்ந்துதான் ஊட்ட வேண்டும். நோயாளி பேசும்போது உட்காருங்கள், அவசரத்தின் அறிகுறியைக் காட்டாதீர்கள் என்று நைட்டிங்கேல் அம்மையார் 1859இல் எழுதிய நர்சிங் குறிப்புகளிலேயே சொல்லியிருக்கிறார். நின்றபடி ஊட்டினால் அவர் தலையை அண்ணாந்து விழுங்குவார், புரையேறுவதற்கு அதைவிட வசதியான கோணம் இல்லை.

இதற்கு ஒரு கணக்குப் போட்டு நிர்வாகத்திடம் கொடுத்தேன். ஊட்டிவிட வேண்டியவர்கள் எட்டுப் பேர், ஆளுக்கு 30 நிமிடம். மொத்தம் 4 மணி நேர உழைப்பு. இரண்டு பேர் ஊட்டினால் 2 மணி நேரம். அதை முக்கால் மணியில் முடி என்றால் நாங்கள் முடித்துக் காட்டுவோம், ஆனால் பாதித் தட்டு திரும்பி வரும், அதைக் குறித்து வைக்கவும் யாருக்கும் நேரம் இருக்காது. நடமாடுகிறவர்களுக்கு எட்டு மணிக்கும், ஊட்டிவிட வேண்டியவர்களுக்கு எட்டே முக்காலுக்கும் என்று டிபனைப் பிரித்தார்கள். முதல் பந்தி முடித்த அட்டெண்டர்கள் இரண்டாவதற்கு வந்துவிடுகிறார்கள். இன்னொரு ஆளும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். இந்த வேலைக்கு ஆள் வேண்டும். எந்த அட்டவணையும் இல்லாத கைக்குப் பதிலாகாது. ஆள் பற்றாக்குறையை நர்ஸின் நேர நிர்வாகக் குறை என்று யாராவது சொன்னால் நான் அந்தக் கணக்குத் தாளைத்தான் நீட்டுவேன்.

படுக்கையிலேயே இருப்பவர்களைப் புரட்டி விடுவது பற்றி நர்ஸ்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டோரீன் நார்ட்டன் இங்கிலாந்தில் முதியோர் வார்டுகளில் செய்த ஆய்வு 1962இல் வெளிவந்தது. படுக்கைப் புண்ணைத் தடுப்பது களிம்பை விட நிலை மாற்றுவதுதான் என்று அதிலிருந்துதான் தெளிவானது. நான் சேர்ப்பது ஒன்று மட்டும்: புரட்டப் போகும்போது அதை மட்டும் செய்துவிட்டு வராதீர்கள். டயப்பர் பாருங்கள், குதிகாலையும் இடுப்பெலும்பையும் தொட்டுப் பாருங்கள், யூரின் பையைப் பாருங்கள், விழுங்க முடிந்தவருக்கு இரண்டு வாய் தண்ணீர் கொடுங்கள், காலிங் பெல்லைக் கை எட்டும் இடத்தில் வையுங்கள், “வலிக்குதுங்களா?” என்று கேளுங்கள். அமெரிக்க மருத்துவமனைகளில் நர்ஸ்கள் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தாங்களாகவே போய்ப் பார்த்தபோது பெல் அடிப்பதும் குறைந்தது, கீழே விழுவதும் குறைந்தது என்று 2006இல் வந்த ஆய்வு சொல்கிறது. பெல்லுக்கு ஓடுவது நம் நேரத்தை அவர்கள் பயம் நிர்ணயிப்பது. முன்கூட்டியே போனால் அந்தப் பயம் வருவதில்லை.

இரவில் இரண்டு மணிக்கொரு முறை விளக்கைப் போட்டு எழுப்ப வேண்டுமா என்பது வேறு கேள்வி. நல்ல அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்திருந்த பராமரிப்பு இல்லவாசிகளிடம், அமெரிக்காவிலும் கனடாவிலும் நான்சி பெர்க்ஸ்ட்ரோம் நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. 2, 3, 4 மணி நேர இடைவெளிகளுக்கிடையே புண் வருவதில் வித்தியாசமில்லை. இதை எல்லோருக்கும் பொருத்த முடியாது. தோல் ஏற்கெனவே சிவந்தவருக்கு, மெலிந்து எலும்பாகிவிட்டவருக்கு, சாதாரண மெத்தையில் இருப்பவருக்கு இரண்டு மணி நேரம்தான். ஆனால் தகுந்த ஒருவருக்கு, டாக்டரோடு பேசி, தினமும் தோலைப் பார்த்துக்கொண்டே இரவு இடைவெளியை நீட்டியபோது அவர் பகலில் கண் திறந்து பேசத் தொடங்கினார்.

மாலை ஐந்திலிருந்து ஏழு வரை நான் எந்த டிரெஸ்ஸிங்கும் வைத்துக்கொள்வதில்லை. வெளிச்சம் மங்கும் நேரம் மறதி நோயாளிகளுக்குக் கடினமானது. “பசங்க ஸ்கூல்ல இருந்து வந்திருப்பாங்க, நான் போகணும்” என்று வாசலுக்கு நடப்பார்கள். முன்பு அட்டெண்டர்களின் ஷிப்ட் ஆறு மணிக்கு மாறும். தோளில் பையோடு கிளம்புகிறவர்களைப் பார்த்ததும் எல்லோருக்கும் வீட்டு நினைவு வந்துவிடும். ஷிப்ட் மாற்றத்தை எட்டு மணிக்குத் தள்ளச் சொல்லிக் கேட்டோம், தள்ளினார்கள். இருட்டும் முன்பே எல்லா விளக்கும் எரியும். விளக்குத் திரி திரிக்கவும் பூக்கட்டவும் கீரை ஆயவும் நடுவில் ஒரு மேஜை. கீரை பாதி தரையில்தான் இருக்கும். அந்த மேஜையில் நான் உட்காரும் இரண்டு மணி நேரம், இரவு சிஸ்டருக்குத் தூக்க மாத்திரை தேடும் வேலையைப் பல நாள் இல்லாமல் செய்கிறது.

நைட்டிங்கேல் அம்மையாரின் அதே புத்தகத்தில் சின்னச் சின்ன நிர்வாகத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. நீ இருக்கும்போது நடப்பது நீ இல்லாதபோதும் நடக்கும்படி செய்யத் தெரியாவிட்டால் மற்ற எல்லாம் வீண் என்பது அதன் சாரம். எங்கள் கட்டில்களுக்குப் பக்கத்தில் இருக்கும் அட்டைகள் அதற்காகத்தான். ‘இடது காது கேட்கும். மாத்திரையைத் தயிரில் கொடுத்தால் துப்புவார், வாழைப்பழத்தில் விழுங்குவார். எழுப்பும்போது தோளைத் தொடாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். முருகன் பாட்டுப் போட்டால் சட்டை மாற்ற விடுவார்.’ இதைக் கண்டுபிடித்தவர்கள் பெரும்பாலும் அட்டெண்டர் அக்காக்கள். அவர்கள் தலையில் மட்டுமே இருந்தது. ஒருவர் ஊருக்குப் போனால் அந்த அறிவும் பஸ் ஏறிவிடும். இப்போது அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், கீழே சொன்னவர் பெயரையும் போடுகிறேன்.

சார்ட்டை அந்தந்தக் கட்டிலருகிலேயே எழுதிவிடுவேன். ஷிப்ட் முடிவில் நினைவிலிருந்து எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. கடைசி அரை மணியில் எழுதுவது ஒன்றே ஒன்று: முடியாமல்போன வேலைகள். வெட்கப்படாமல் எழுத வேண்டும், காரணத்தோடு. நேற்று எழுதியது இது: ‘மூன்றாம் அறைத் தாத்தா குளிக்க மறுத்தார், இரண்டு முறை கேட்டாயிற்று, மாலை டீக்குப் பிறகு கேட்கவும். மாடி அறை அம்மாவுக்கு நகம் வெட்டவில்லை, மகள் போனில் பேசிக்கொண்டிருந்தார், நிறுத்த மனம் வரவில்லை. எட்டாம் கட்டிலுக்கு மதியம் கால் பங்குதான் இறங்கியது, நாலு மணிக்குக் கஞ்சி கொடுத்துப் பார்க்கவும், இடது குதிகால் லேசாகச் சிவந்திருக்கிறது.’ அடுத்த சிஸ்டர் அதைப் படித்துவிட்டு நேராக எட்டாம் கட்டிலுக்குப் போனார்.